கிளாமிடியா: குணமான பிறகும் ஏன் திரும்பி வருகிறது?

(தொலைக்காட்சி சுகாதாரக் கருத்தரங்கில், மருத்துவர் குழுவின் கலந்துரையாடலுக்கு முன் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பால்வினை நோய் என்றவுடனே நம்மவர்கள் பிள்ளைகளைப் பார்த்து, "போ, உள்ளே போய்ப் படி" என்று சொல்லிவிடுவது வழக்கம். இன்று பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை உள்ளே அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இன்றைய தலைப்பு கிளாமிடியா. இது உலகில் மிக அதிகமாகப் பரவும் பால்வினைத் தொற்றுகளில் ஒன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2020ஆம் ஆண்டில் மட்டும் 15 முதல் 49 வயது வரையிலான ஏறத்தாழ 12 கோடியே 90 இலட்சம் பேருக்கு இது புதிதாகத் தொற்றியிருக்கிறது. நம் நாட்டு மக்கள் தொகையைப் போல மூன்று மடங்குக்கும் மேல். இவர்களில் பெரும்பாலோருக்கு உடம்பில் ஓர் அறிகுறியும் தெரிந்திருக்காது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. வேலைக்குப் போய்க்கொண்டும் சமைத்துக்கொண்டும் சாதாரணமாகத்தான் இருந்திருப்பார்கள்.

நான் மருத்துவர் அல்லள். வெகுசனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்தவள். என் வேலை கேள்வி கேட்பது. இந்தத் தலைப்பை எடுக்க வைத்ததும் ஒரு கேள்விதான். முன்பு ஒரு நிகழ்ச்சி முடிந்த பிறகு ஒரு சகோதரி நிலையத்துக்கு அழைத்திருந்தார். ஒளிபரப்பில் பேச அவருக்குத் துணிவு வரவில்லை. "தங்கச்சி, எனக்கு இந்த நோய் இருந்துச்சு. மருந்து சாப்பிட்டேன், போயிடுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. எட்டு மாசத்துல மறுபடியும் இருக்குன்னு சொல்றாங்க. அம்மை ஒரு தடவை வந்தா மறுபடி வராதுன்னு சொல்வாங்களே, இது மட்டும் ஏன் வருது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் ஒரு மருத்துவரிடம் கொண்டுபோனபோது, அவர் முதலில் கேட்டது, "கணவர் மருந்து சாப்பிட்டாரா?" என்பதுதான். சாப்பிடவில்லை. மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அவரிடமிருந்து இவருக்கு மறுபடியும் வரும். அது நேரான பதில். ஆனாலும் அந்தச் சகோதரி கேட்டதில் இன்னொரு பாதி மிச்சம் இருக்கிறது. ஒரு தடவை இந்தக் கிருமியோடு சண்டை போட்ட உடம்பு, அடுத்த தடவை அதை வாசலிலேயே ஏன் தடுக்கவில்லை? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக விஞ்ஞானிகள் முட்டிமோதிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

இந்தக் கிருமியை முதன்முதலில் நுண்ணோக்கியில் பார்த்தது நமக்குப் பக்கத்தில்தான். 1907ஆம் ஆண்டு, ஜாவா தீவு. அப்போது அது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. மேகநோய் பற்றி ஆராய்வதற்காக ஆல்பர்ட் நைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு குழுவோடு அங்கே வந்திருந்தார். அந்தக் குழுவில் இருந்த ஹால்பர்ஸ்டேட்டர், புரோவாசெக் என்ற இருவர், டிராகோமா என்ற கண் நோய் கண்ட மனிதர்களின் இமைக்குள்ளிருந்து சுரண்டி எடுத்ததை ஓராங் ஊத்தான்களின் கண்ணில் தடவிப் பார்த்தார்கள். நம் காட்டுக் குரங்கினம் விஞ்ஞானத்துக்குச் செய்த தியாகங்களில் இதுவும் ஒன்று. பிறகு அந்தக் கண்ணின் உயிரணுக்களைச் சாயம் ஏற்றிப் பார்த்தால், உயிரணுவுக்குள்ளே சின்னச் சின்னப் புள்ளிகள் ஒரு போர்வைக்குள் சுருண்டு கிடப்பதுபோல் தெரிந்தன. கிரேக்க மொழியில் போர்வைக்கு, மேலங்கிக்கு 'கிளாமிஸ்' என்று பெயர். கிளாமிடியா என்ற பெயர் அங்கிருந்து வந்தது.

கண்ணைக் குருடாக்கும் டிராகோமாவும் பிறப்புறுப்பில் தொற்றும் நோயும் ஒரே கிருமி இனத்தின் வெவ்வேறு வகைகள். கண் வகை கைக்குட்டை, துண்டு, விரல், ஈ இவற்றால் பரவுகிறது. மற்ற வகை உடலுறவால் பரவுகிறது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் போகவும் கூடும்.

வைரசைப் போல இது மற்றோர் உயிரணுவுக்குள் புகுந்தால்தான் பெருகும். அதனால் பல்லாண்டுக் காலம் இதை வைரஸ் என்றே நினைத்தார்கள். உண்மையில் இது பாக்டீரியா. இதற்கு இரண்டு வேடங்கள் உண்டு. வெளியே இருக்கும்போது விதை மாதிரி கெட்டியான, மிகச் சின்ன உருவம். அது பெருகாது, ஆனால் தொற்றும். நம் உயிரணுவுக்குள் நுழைந்ததும் ஒரு பைக்குள் உட்கார்ந்துகொண்டு பெரிதாகி, இரண்டு நான்காகப் பிரிகிறது. அந்த உருவம் பெருகும், ஆனால் தொற்றாது. இரண்டு மூன்று நாளில் நூற்றுக்கணக்கான விதைகளாக மாறி, உயிரணுவை உடைத்துக்கொண்டு வெளியேறிப் பக்கத்து உயிரணுக்களுக்குள் போய்விடும்.

நம் இரத்தத்தில் எதிர்ப்பொருள் என்று ஒன்று உண்டு. தெருவில் நடமாடும் திருடனைப் பிடிக்கும் காவலர் மாதிரி. வெளியே இருக்கும் கிருமியை அது பிடிக்கும். கிளாமிடியாவோ வாழ்நாளின் பெரும்பகுதியை வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கழிக்கிறது. அங்கே காவலரால் நுழைய முடியாது. அப்போது உதவிக்கு வருவது டி அணுக்கள் எனப்படும் வெள்ளை அணுக்கள். இவை இண்டர்ஃபெரான் காமா என்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. அது, தொற்றிய உயிரணுவுக்கு, "உன் வீட்டில் இருக்கும் சோற்றை எல்லாம் கொட்டிவிடு" என்று கட்டளை போடுகிறது. சோறு என்று நான் சொல்வது டிரிப்டோஃபன் என்ற அமினோ அமிலம். பால், முட்டை, சோயா இவற்றில் இருப்பது. கிளாமிடியாவுக்கு அது இல்லாமல் வாழ முடியாது. உயிரணு தன்னிடம் உள்ள டிரிப்டோஃபனைத் தானே சிதைத்துக் கிருமியைப் பட்டினி போடுகிறது. எவ்வளவு புத்திசாலித்தனமான ஏற்பாடு பாருங்கள்!

ஆனால் எதிரியும் சளைத்தவன் அல்ல. பிறப்புறுப்பில் தொற்றும் வகைக்கு ஒரு மாற்றுவழி தெரியும். பெண்ணின் பிறப்புப் பாதையில் வாழும் வேறு சில பாக்டீரியாக்கள் இண்டோல் என்ற பொருளை வெளியிடுகின்றன. அதை எடுத்து இந்தக் கிருமி தானே டிரிப்டோஃபன் தயாரித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிச் சமைக்கிற கதை. கண்ணில் தொற்றும் வகையில் இந்தத் திறமை கெட்டுப்போயிருக்கிறது. இரண்டு வகைகளுக்கும் உள்ள இந்த வேறுபாடு 2000களின் தொடக்கத்தில் தெளிவாயிற்று.

கடன் கிடைக்காவிட்டாலும் கிருமி உடனே செத்துவிடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் பார்த்ததில், அது பெருகுவதை நிறுத்திவிட்டு, வீங்கிய ஒரு விநோத உருவத்தில் காத்திருக்கிறது. டிரிப்டோஃபன் திரும்பக் கிடைத்ததும் பழையபடி பெருகத் தொடங்குகிறது. மனித உடம்புக்குள்ளும் இப்படித்தான் எத்தனை காலம் ஒளிந்திருக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் நம் குடும்பங்களைத் தொடுகிற இடம். இந்தச் சண்டையில் சேதம் கிருமியால் மட்டும் வருவதில்லை. சண்டையாலேயே வருகிறது. கருப்பையிலிருந்து இரண்டு பக்கமும் போகும் கருக்குழாய் மிகமிக மெல்லியது. அதன் உட்சுவரில் இருக்கும் நுண்ணிய மயிரிழைகள்தான் கருமுட்டையை நகர்த்திக் கொண்டுவர உதவுகின்றன. கிருமி அதுவரை ஏறிவிட்டால் நோய் எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாக வந்து இறங்குகின்றன. வீக்கம் வருகிறது, ஆறும்போது தழும்பு விழுகிறது. கையில் பட்ட தழும்பு கையோடு போகும். குழாயில் விழுந்த தழும்பு வழியையே அடைத்துவிடலாம். பாதி அடைத்தால், கரு கருப்பைக்கு வந்து சேராமல் குழாயிலேயே தங்கி, தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். டிராகோமாவிலும் இதே கதைதான். சிறு வயதில் திரும்பத் திரும்பத் தொற்றி, இமையின் உட்புறம் தழும்பாகி, இமை உள்பக்கம் மடங்கி, இமைமுடி கண்மணியை உரசி உரசிப் பார்வை போகிறது.

நம் சமூகத்தில் பிள்ளை இல்லை என்றால் முதலில் யாரைப் பார்க்கிறோம்? மருமகளை. தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்கச் சொல்கிறோம், ஜாதகம் பார்க்கிறோம், வாய் கூசாமல் ஒரு பட்டப்பெயரும் வைக்கிறோம். நேர்த்திக்கடனை நான் குறை சொல்லவில்லை. அது அவரவர் நம்பிக்கை. ஆனால் அந்தப் பெண்ணின் குழாய் அடைபட்டதற்கு, திருமணத்துக்கு முன்னரோ பின்னரோ அறிகுறியே இல்லாமல் கணவனிடமிருந்து வந்த ஒரு தொற்று காரணமாக இருந்திருக்கலாம். சிறுநீரைக் கொடுத்தாலே இந்தக் கிருமி இருக்கிறதா என்று இன்றைக்குச் சோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். பெண்களுக்குப் பஞ்சுக்குச்சியால் எடுத்தும் பார்க்கலாம். கிருமி இருந்தால் ஆண்டிபயோட்டிக் மருந்தில் போய்விடும். ஆனால் விழுந்துவிட்ட தழும்பை அந்த மருந்து அழிக்காது.

அறிகுறி இல்லாததால் பலர் சோதனைக்கே போவதில்லை. சோதனைக்குப் போவதற்குள் சிலருக்குத் தழும்பு விழுந்துவிடுகிறது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மறுபடி தொற்றுகிறது. ஆகவேதான் தடுப்பூசி தேவை என்கிறார்கள்.

அந்த முயற்சி நேற்றுத் தொடங்கியதன்று. 1950களின் நடுவில் பெய்ஜிங்கில் தாங் ஃபெய்ஃபான் என்ற சீன விஞ்ஞானி, டிராகோமா கிருமியைக் கோழி முட்டைக்குள் வளர்த்துக் காட்டினார். இதுதான் நோயை உண்டாக்குகிறது என்று நிரூபிக்க, அந்தக் கிருமியைத் தம் கண்ணிலேயே செலுத்திக்கொண்டார். 1958ஆம் ஆண்டிலேயே அவர் காலமானார். அந்த ஆண்டுகளில் சீனாவின் அரசியல் சூழல் அறிஞர்களை எப்படி நசுக்கியது என்பது தனிக்கதை. அதற்கு இன்னொரு நிகழ்ச்சி வேண்டும்.

கிருமியை வளர்க்கத் தெரிந்ததும், 1960களில் முழுக் கிருமியை வைத்தே தடுப்பூசி செய்தார்கள். சவூதி அரேபியா, தைவான், காம்பியா, எத்தியோப்பியா, இந்தியா எனப் பல நாடுகளில் சோதித்தார்கள். பலன் இருந்தது, ஆனால் அரைகுறையாக, கொஞ்ச காலத்துக்குத்தான் இருந்தது. அதோடு ஓர் அச்சமும் கிளம்பியது. ஊசி போட்ட குரங்குகள் சிலவற்றுக்குப் பிறகு கிருமி தொற்றியபோது நோய் முன்னைவிடக் கடுமையாக வந்தது. மனிதருக்கும் அப்படி ஆகுமோ? பழைய ஆவணங்களை அண்மைக் காலத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தவர்கள், மனிதரில் அதற்கு உறுதியான சான்று இல்லை என்கிறார்கள். ஆனாலும் அந்த அச்சம் முழுக் கிருமித் தடுப்பூசியைப் பல பத்தாண்டுகள் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டது.

அந்தக் குரங்குகளுக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ள ஒரு வெளிச்சம் 2015இல் அமெரிக்காவின் ஹார்வார்ட் ஆய்வாளர்களிடமிருந்து வந்தது. புற ஊதாக் கதிரால் கொன்ற கிருமியை எலிகளின் கருப்பைக்குள் வைத்தார்கள். எலிகளின் உடம்பு அதை எதிரியாகப் பார்க்கவில்லை. "இது பரவாயில்லை, விட்டுவிடு" என்று கற்றுக்கொண்டது. பிறகு உயிருள்ள கிருமி வந்தபோது, ஊசியே போடாத எலிகளைவிட இவற்றில் கிருமி கூடுதலாக இருந்தது. அதே செத்த கிருமியோடு, எதிர்ப்பைத் தூண்டும் மிக நுண்ணிய துகள்களை ஒட்டிக் கொடுத்தபோது நிலைமை தலைகீழானது. டி அணுக்கள் கருப்பையிலேயே போய்க் குடியேறி, நிரந்தரக் காவல் இருந்தன. இன்னொன்றையும் கண்டார்கள். மூக்கு வழியாகவோ கருப்பை வழியாகவோ கொடுத்தால் இந்தக் குடியேற்றம் நடந்தது. தோலில் ஊசியாகப் போட்டால் நடக்கவில்லை. ஆகவே, உடம்புக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் மட்டும் போதாது. எந்த வாசலில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதும் முக்கியம்.

மனிதரில் இயற்கையான எதிர்ப்பு அறவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கென்யாவின் நைரோபியில் பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் நடத்திய ஆய்வில், கிருமியின் ஒரு புரதத்தைக் காட்டியபோது இண்டர்ஃபெரான் காமா சுரந்தவர்களுக்கு மறுதொற்று குறைவாக வந்தது. கொஞ்சம் எதிர்ப்பு இருக்கிறது, ஆனால் மெதுவாக வளர்கிறது. இதையொட்டிக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ராபர்ட் பிரன்ஹம் என்பவரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு சங்கடமான கருத்தைச் சொன்னார்கள். அங்கே சோதனையும் சிகிச்சையும் தீவிரமானபோது நோய் முதலில் குறைந்து, 1990களின் பிற்பகுதியிலிருந்து மறுபடி ஏறியது. சீக்கிரமே மருந்து கொடுத்துக் கிருமியைக் கொன்றுவிடுவதால், உடம்பு எதிர்ப்பை முழுதாகக் கற்குமுன் பாடம் பாதியில் நின்றுவிடுகிறதோ என்பது அவர்கள் ஐயம். சோதனை அதிகமானதால் எண்ணிக்கையும் ஏறியிருக்கலாம் என்று மறுப்போரும் உண்டு. நேயர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "அப்படியானால் மருந்து வேண்டாம், உடம்பு தானே பழகட்டும்" என்று ஒருவரும் இருந்துவிடாதீர்கள். பழகும் காலத்தில் விழுவது தழும்பு.

சரி, இன்று நாம் எங்கே நிற்கிறோம்? இன்றுவரை மனிதருக்கான கிளாமிடியா தடுப்பூசி ஒன்றும் விற்பனைக்கு வரவில்லை. யாராவது இணையத்தில் விற்றால் நம்பாதீர்கள். ஆனால் ஆய்வு முன்னேறியிருக்கிறது. இப்போது முழுக் கிருமியை விட்டுவிட்டு, அதன் வெளித்தோலில் நிறைந்திருக்கும் ஒரு முக்கியப் புரதத்தின் பகுதிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். டென்மார்க்கின் ஸ்டேட்டன்ஸ் சீரம் நிறுவனமும் லண்டன் இம்பீரியல் கல்லூரியும் சேர்ந்து, சி.டி.எச்.522 என்ற தடுப்பூசியை 35 பெண்களிடம் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டன. கையில் மூன்று ஊசி, பிறகு மூக்கில் இரண்டு தடவை. பாதுகாப்பில் பெரிய குறை தெரியவில்லை. தடுப்பூசி போட்டுக்கொண்ட அனைவரிடமும் எதிர்ப்பொருள் உண்டானது. அடுத்து ஆண்களையும் சேர்த்து, கண்ணில் சொட்டு மருந்தாகக் கொடுப்பது உட்பட வேறு முறைகளில் சோதித்ததன் முடிவு 2024இல் வந்தது. எதிர்ப்பு உண்டாகிறது என்பது தெரிந்துவிட்டது. அந்த எதிர்ப்பு நோயைத் தடுக்கிறதா என்பதைப் பெரிய சோதனைகள்தாம் சொல்ல வேண்டும். சனோஃபி நிறுவனம் கோவிட் காலத்தில் நமக்குப் பழகிப்போன எம்.ஆர்.என்.ஏ. முறையில் ஒன்றைத் தயாரித்து, 2025 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் விரைவு ஆய்வுத் தகுதியைப் பெற்றது. அது ஒப்புதல் அன்று. கோப்பை வேகமாகப் பார்ப்பதற்கான ஏற்பாடு மட்டுமே.

நம்மை முந்திக்கொண்டது யார் தெரியுமா? கோவாலா. ஆஸ்திரேலியாவின் கோவாலாக்களை கிளாமிடியாவின் இன்னோர் இனம் குருடாக்கியும் மலடாக்கியும் கொன்றும் வருகிறது. அவற்றுக்கு ஆண்டிபயோட்டிக் கொடுப்பதிலும் சிக்கல். யூகலிப்டஸ் இலையைச் செரிக்க வைக்கும் குடல் பாக்டீரியாக்களை அந்த மருந்து அழித்துவிட்டால், வயிறு நிறைய இலை இருந்தும் அது பட்டினியில் சாகும். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தினர் பல ஆண்டுகள் உழைத்து ஒற்றை ஊசியாகத் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார்கள். காட்டுக் கோவாலாக்களில் அது இறப்பைக் குறைந்தது 65 விழுக்காடு குறைத்ததாகத் தெரிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அதற்கு அனுமதி கிடைத்தது.

மனிதருக்கு ஏன் இத்தனை தாமதம் என்று நான் கேட்டபோது கிடைத்த விளக்கத்தைச் சொல்லி, மேடையை மருத்துவர்களிடம் விடுகிறேன். தடுப்பூசியின் உண்மையான நோக்கம் கருக்குழாயைக் காப்பது. ஆனால் குழாயில் தழும்பு விழுந்ததா என்று வெளியிலிருந்து எளிதில் பார்க்க முடியாது. பிள்ளைப்பேறு பாதிக்கப்பட்டதா என்று தெரியப் பல ஆண்டுகள் ஆகும். சோதனை நடத்துகிறவர்கள் அத்தனை காலம் காத்திருக்க இயலாததால், தொற்று வந்ததா இல்லையா என்று பார்க்கிறார்கள். தொற்றை முழுவதும் தடுக்காமல் கிருமியின் அளவை மட்டும் குறைக்கும் ஓர் ஊசி, தழும்பையும் குறைக்குமா? இதுதான் மருத்துவர்களுக்கு என் முதல் கேள்வி.

இரண்டாவது கேள்வி பெற்றோர்களுக்கும் சேர்த்து. 2010ஆம் ஆண்டு முதல் நம் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான எச்.பி.வி. தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அதுவும் உடலுறவால் பரவும் கிருமிக்கு எதிரான ஊசிதான். புற்றுநோய் என்ற பெயர் இருந்ததால் பல பெற்றோர் கையெழுத்துப் போட்டார்கள். நாளைக்கு கிளாமிடியா தடுப்பூசி என்று பள்ளியிலிருந்து படிவம் வந்தால், மகளுக்கும் மகனுக்கும் கையெழுத்துப் போடுவோமா? தொலைபேசி இணைப்புகள் திறந்திருக்கின்றன. பெயர் சொல்ல விருப்பமில்லாதவர்கள் சொல்ல வேண்டியதில்லை.